ஃபத்வா அடித்த தமாஷ்

"கோர்ட்டுத் தீர்ப்பெல்லாம் எனக்குச் செல்லாது ஹஜ்ரத். அல்லாஹ்வோட சட்டப்படி இவ இன்னும் என் பொண்டாட்டிதான்."

பள்ளிவாசல் ஆபீஸ் அறையில் இமாமின் முன்னால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அவன் இதைச் சொன்னான். எதிரே பஸ் ஓட்டும் சீருடையிலேயே வந்து உட்கார்ந்திருந்தவளுக்கு உச்சிவரை கோபம் ஏறியது.

சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவனை ஃபத்வா என்றுதான் சொல்வார்கள். பொண்டாட்டி வேலைக்குப் போகக் கூடாது என்பதற்கு ஒரு சட்டம், சிரிக்கக் கூடாது என்பதற்கு ஒரு சட்டம். கை நீட்டுவதற்கும் ஒன்று வைத்திருந்தான். தொழுகை மட்டும் வெள்ளிக்கு வெள்ளி.

"அதான் விவாகரத்து கிடைச்சாச்சே, இன்னும் என்ன?" என்று வக்கீலம்மா கேட்டாள். டிப்போவிலும் அதையேதான் கேட்டார்கள்.

என்னவென்று சொல்வது? அவளும் அந்த அல்லாஹ்வைத்தானே தொழுகிறாள்! அங்கே விடுதலை ஆகாமல் இன்னொருத்தரைக் கட்டிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. அது தெரிந்துதான் இந்தப் பாவி தலாக் சொல்லாமல் இழுத்தடித்தான்.

ஹஜ்ரத்தும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் கெஞ்சிப் பார்த்தார்கள். அவன் மசியவில்லை.

அவள் எழுந்தாள்.

"தலாக் கிடக்கட்டும் ஹஜ்ரத். இவர் முதல்ல என்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். போன வருஷம் எங்க அண்ணன் கடையில, அத்தனை பேர் முன்னாடி, 'உன் தங்கச்சியத் தலாக் விட்டுட்டேன், வச்சுக்கோ'ன்னு சொல்லிச் சிரிச்சார். எனக்கு எவ்வளவு அசிங்கம்!"

"அட, அதுவா?" அவன் சிரித்தான். "சொன்னேன், இல்லைங்கல. தமாஷுக்குத்தானே சொன்னேன்? மச்சான்கிட்ட தமாஷ் பண்ணக்கூடவா கூடாது?"

கமிட்டிக்காரர் ஒருவர் கூடவே சிரிக்கப் போய், ஹஜ்ரத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஹஜ்ரத் கண்ணாடியைக் கழற்றினார்.

"தலாக்குல தமாஷ் கிடையாது தம்பி. விளையாட்டாச் சொன்னாலும் சொன்னதுதான். அதுக்கப்புறம் நீங்க ஒண்ணு சேரவும் இல்ல, இத்தாங்கிற காத்திருப்புக் காலமும் முடிஞ்சு போச்சு. அல்லாஹ்வோட சட்டப்படி இவ இப்ப உங்களுக்கு யாரோ."

மேலே கிடந்த கால் தரைக்கு வந்தது.

அவள் படியிறங்கும்போது பின்னால் அவன் கத்துவது கேட்டது. "இத நான் சும்மா விடமாட்டேன்! கோர்ட்டுக்குப் போவேன்!"

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

வாசலில் அண்ணன் வண்டியை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"மன்னிப்புக் கேட்டாரா?"

அதற்காகவா வந்தாள்? அன்றைக்குக் கடையில் இருந்த ஒவ்வொருவரிடமும் சாட்சி சொல்ல வாருங்கள் என்று கெஞ்சியிருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. 'நமக்கெதுக்கு வம்பு' என்று முதல் ஆளாகக் கைகழுவியவன் இந்த அண்ணன்தான். கடைசியில் சாட்சி சொல்ல ஃபத்வாவைத் தவிர வேறு ஆள் இல்லை; அவன் வாயாலேயே சொல்ல வைத்தாள்.

அண்ணனின் வண்டியில் ஏறாமல் டிப்போவை நோக்கி நடந்தாள்.