செய்தவர் பெயர்

காட்டுமாடு முட்டிச் சவரியப்பன் இறந்த அன்று, காவலுக்கு அவர் கையில் இருந்த பம்ப் துப்பாக்கி வெடிக்கவில்லை. முன்பிடியைச் சரக் சரக்கென்று இழுத்துத் தள்ளிய சத்தம் மட்டும் கேட்டதாம். பயத்தில் விரல் மரத்துவிட்டது என்று ஏலக்காய்த் தோட்டம் முழுக்கப் பேசினார்கள். அப்படித்தானா என்று ஒரு வருடமாக அவர் மனைவி அமலோற்பவமும் யோசித்துக்கொண்டிருந்தாள். இன்று துப்பாக்கியை ஒப்படைக்க வந்த இடத்தில், குழல்மேல் இருந்த பெயரைக் துப்பாக்கிக் கடைக்கார ராவுத்தர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இது செஞ்சவன் பேரு இல்லம்மா, வித்த கடையோட பேரு. சீமையில சட்டையும் அடுப்பும் வித்த கடை. செஞ்சது யாருன்னு உள்ள பார்த்தாத்தான் தெரியும்."

"பாருங்க பாய். எனக்கும் தெரியணும்."

தோட்டா அடுக்கும் அடிக்குழாயின் மூடியைத் திருகினார். சுருள்கம்பிக்குள்ளிருந்து நீளமாக ஒரு மரக்குச்சி வழுக்கி வந்தது.

"அட, குழாய் முழுக்கக் குச்சி! ஒரு தோட்டாகூட ஏறாதே. எந்தக் கிறுக்குப்பய இப்படி அடைச்சான்? பழசு வாங்கினா இதான் வம்பு."

அமலோற்பவம் குச்சியை வாங்கிப் பார்த்தாள். கொய்யாக் கம்பு. முனை இடப்பக்கம் சரிந்து சீவியிருந்தது. சவரியப்பன் வீட்டில் செய்துவைத்த தொட்டில் கட்டையிலும் சட்டை மாட்டும் முளையிலும் இருக்கும் அதே இடக்கைச் சீவல். சுடுவதற்கல்ல, சத்தம் காட்டி விரட்ட மட்டும்தான் அவர் துப்பாக்கியை வைத்திருந்திருக்கிறார்.

ராவுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு ஒண்ணையும் காணோமேம்மா."

"நல்லாத் தேடுங்க பாய்" என்றபடி, குச்சியை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.