சிவப்புக் கட்டம்

மாசாய் நகரத் தொழிற்சாலையின் கூட்ட அறையில் மதிய வெயில் சரிந்து கிடக்கிறது. புதிய மென்பொருளுக்காக, பெட்டி கட்டும் வேலை நடக்கும் முறையை அமண்டா வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாக வரைகிறாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓடும் பெல்ட்டில் ஒரு பெட்டி சிக்கிக்கொள்ள, புஷ்பவள்ளி அக்கா மெஷினை நிறுத்தாமலே கையை உள்ளே விட்டு இழுக்கிறார். அமண்டா சிவப்பு மையில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, ‘மெஷினை நிறுத்து’ என்று எழுதுகிறாள். மேலாளர் ரோலண்ட் டஸ்டரை நீட்டுகிறார். “அத அழிச்சிரும்மா. நிறுத்துனா டார்கெட் போயிரும் லா. சிஸ்டத்துல அதுக்கெல்லாம் நேரம் குடுக்க முடியாது.” “வெரல் போனா எந்தக் கட்டத்துல போடணும், சார்?” “படிச்ச திமிரா?” “ஆமா சார். எங்க வீட்டுல மொதல்ல படிச்சது நான்தான், திமிரையும் நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்.” நீட்டிய டஸ்டர் அவர் கையிலேயே இருக்க, சிவப்புக் கட்டத்துக்குள் ‘ஐந்து நிமிடம்’ என்று அழுத்தி எழுதுகிறாள்.