ஆகவேக்கு முன்னால்

"நான் இங்கே..." என்று வாசித்துவிட்டு ஜெகதாம்பாள் நிறுத்தினாள். அதற்குமேல் காகிதத்தில் எழுத்து இல்லை. ஓட்டைதான் இருந்தது.

ஓட்டையைத் தாண்டி அடுத்த வரியைப் பிடித்தாள். "ஆகவே யாரும் வருத்தப்பட வேண்டாம்."

எதனால் ஆகவே? அதுதானே எனக்கு வேண்டும்.

அடுத்த வீட்டுக் கடுதாசி உனக்கெதற்கு என்று கேட்பீர்கள். கீழப்பழுவூரில் லண்டன் கடுதாசி வருகிற வீடு ஒன்றே ஒன்று. அதுவும் என் சுவருக்கு அந்தப் பக்கம். நான் போகாமல் வேறு யார் போவது?

அந்த வீட்டு அழகேசன் அண்ணனுடைய மகன் அமிர்தலிங்கம் என்ஜினீயர் படிக்கக் கப்பலேறி எட்டு வருஷம். கல்யாணமாகி மூன்றாம் மாசம் போனான். படிப்பும் முடிந்தது. அங்கேயே ஒரு இரும்புக் கம்பெனியில் ஆறே மாசம் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுதினான். அந்த ஆறு மாசம் இன்னும் முடிந்தபாடில்லை.

கடுதாசியில் பெண்டாட்டி பேர் வராது. வாசிப்பது மட்டும் அந்தப் பெண்டாட்டி ஜெகதாம்பாள். அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நடுவில் ஜெர்மன்காரன் சண்டை வந்தது. கப்பல், ஊர் என்று எதை எழுதினாலும் சர்க்கார் வெட்டி எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். வெட்டென்றால் அப்படி ஒரு வெட்டு, நூல் பிடித்தாற்போல.

சண்டை முடிந்து ஒரு வருஷமாகிறது. வெட்டு நிற்கவில்லை. ஓரம் மட்டும் எலி கடித்த மாதிரி ஆகிவிட்டது.

அதனால்தான் தபால்காரர் அரியமுத்துவை, மோர் குடிக்கலாம் வாங்க என்று நானே அங்கே இழுத்துப் போயிருந்தேன். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

"ஏங்க, இன்னுமா வெட்டுறாங்க?" என்றேன், ஒன்றும் அறியாதவள் போல.

அரியமுத்து மோரைக் கீழே வைத்தார். காலையில் தானே கொடுத்துவிட்டுப் போன உறையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"வெட்டியிருந்தா ஓரத்துல சர்க்கார் சீட்டு ஒட்டியிருக்கணுமேம்மா. இதுல இல்லியே. சென்சாரெல்லாம் போன வருஷமே எடுத்தாச்சு."



பிள்ளையைப் பெற்ற பொன்னாயி அண்ணி, முறத்து உளுந்தை விட்டுவிட்டு மருமகளைப் பார்த்தாள். "எம்புள்ள வருவான்னுதான்டி நீ இங்க இருக்க. வரமாட்டான்னு தெரிஞ்சா அன்னிக்கே பூலாம்பாடிக்கு வண்டி கட்டிடுவேன்" என்பது வாரத்துக்கு ஒரு தரமாவது அவள் சொல்கிற பேச்சு. அன்று சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிறந்த ஊரான பூலாம்பாடியில் ஜெகதாம்பாளுக்கு மிச்சம் இருப்பது அண்ணன் பெண்டாட்டி ஒருத்தி. அவளைப் பற்றி ஆரம்பித்தால் பொழுது போதாது.

ஜெகதாம்பாள் கடுதாசியை மடித்தாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இழுத்து வந்த ஆளை அப்படியே திருப்பி இழுத்துப் போக முடிந்தால் தேவலை என்றிருந்தது.

அழகேசன் அண்ணன் அதுவரை வாய் திறக்கவில்லை. வாய் எங்கே இருக்கிறதென்பதே யாருக்கும் தெரியாது. மகன் திரும்பி வந்த பிறகுதான் முகத்தில் கத்தி படும் என்று கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட தாடி, எட்டு வருஷத்தில் தொப்புளைத் தொட்டுவிட்டது.

கையை நீட்டினார். மருமகள் கடுதாசியைக் கொடுத்தாள்.

எழுத்துத் தெரியாத மனுஷன். ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"உனக்கு அரியலூர் ஆபீஸ் சேதிதான்யா தெரியும்" என்றார் அரியமுத்துவிடம். "சீமையில இன்னும் வெட்டிக்கிட்டுத்தான் இருக்கான். வெட்டுறவன் பிளேடு மொக்கையாப் போச்சு, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கழித்து முறத்தில் உளுந்து மறுபடி சலசலத்தது.

அடுத்த வாரம் அண்ணன் அரியலூர் போய் வந்தார். பையை மருமகளிடம் நீட்டும்போது, சுவருக்கு இந்தப் பக்கம் நான் வேறு வேலையாகத்தான் நின்றிருந்தேன்.

நல்லெண்ணெய். கருப்பட்டி. வெற்றிலை. அடியில், மேல்தாள்கூடப் பிரிக்காத ஒரு புது பிளேடு.

தாடி அப்படியேதான் இருக்கிறது.