வெள்ளை மூடி, நீல மூடி

வெள்ளை மூடி வாளியிலிருந்து எடுத்த ஐந்தாவது கெளுத்தியையும் அண்ணி அறுத்துப் பார்த்துவிட்டாள். இதன் குடலிலும் புழு.

நாடா நாடாவாக, வெள்ளை வெளேரென்று, கண்ணாடித் தட்டில் நெளிந்தது.

வெள்ளை மூடி என்றால் பண்ணை மீன். பண்ணை அவளுடைய கொழுந்தனுடையது. கையில் இருந்த வேலையை உதறிவிட்டு, அந்த மீன் தொட்டியே கதி என்று கிடக்கிறவன்.

அவள் வேலை பார்க்கும் மீன் பரிசோதனைக் கூடத்தில் விதி கறார். பண்ணை மீனில் புழு என்று கண்டால் உடனே மேலே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டாள். தொட்டியில் இருப்பதை எல்லாம் அள்ளிக் குழியில் போட்டு மூட ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

ஆனால் அவளுக்கு ஒரு குழப்பம்.

நீல மூடி வாளியில் இருந்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்து ஆற்றில் பிடித்த மீன். அதையும் அறுத்தாள். மருந்துக்குக்கூட ஒரு புழு இல்லை.

இது என்ன கூத்து? கண்டதையும் தின்று திரியும் ஆற்று மீனில்தான் புழு மண்டிக் கிடக்கும். இத்தனை வருடங்களாக அவள் பார்த்தது அதைத்தான்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அதேதான்.

குடலை விட்டுவிட்டு இரைப்பையைப் பிளந்தாள். பண்ணை மீனின் இரைப்பையில் நத்தை ஓடுகளும் பூச்சிக் கால்களும் கிடந்தன. கொழுந்தனின் தொட்டி சிமெண்டுத் தொட்டி, மேலே வலை வேறு. அங்கே நத்தை எப்படி வந்தது?

ஆற்று மீனின் இரைப்பையில் ஊறிப்போன தீவன உருண்டைகள். ஆற்றில் எந்தப் புண்ணியவான் தீவனம் போடுகிறான்?

மூடிகளைத் திறந்தபோது நாமே மாற்றி வைத்துவிட்டோமோ? அப்படியானால் தன் கையாலேயே கொழுந்தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாள்.

அவன் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். அலுவலக வண்டி மக்கர் செய்ததால், நம் வீட்டுப் பையன்தானே என்று இரண்டு வாளிகளையும் அவனையே கொண்டுவரச் சொல்லியிருந்தாள். தொட்டிக்குள் மீன் நெருக்கியடித்துக் கிடக்கிறதே, புழு வைத்திருக்குமோ என்று அவன் ஒரு வாரமாகப் புலம்பாத நேரமில்லை. இன்று காலையில் மட்டும் ஏனோ உற்சாகமாக வந்தான். "புழு அண்ணி, நல்லாப் பாருங்க" என்று கிண்டல் வேறு.

கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சட்டென்று சொல்லிவிட்டாள்.

"வெள்ளை மூடி வாளி பூரா புழுப்பா. தொட்டியக் காலி பண்ண ஆள் கிளம்பியாச்சு."

அவன் அழுவான் என்று நினைத்தாள். அவன் அழவில்லை. ஒன்றும் புரியாதவன்போல அவளைப் பார்த்தான்.

"அது எப்படி அண்ணி? ஓடுற தண்ணி மீனுக்குப் போய் புழு வருமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வரும் வழியில் இரண்டு வாளி மீனையும் மாற்றிப் போட்டவன் இவன்தான் என்று அண்ணிக்குப் புரிந்தது. கோபம் வந்தது. கோபத்தைவிடப் பரிதாபம் அதிகமாக வந்தது.

"உன் மீன் எல்லாம் சுத்தம்டா, பாவி" என்றாள்.

ஆட்களைத் தடுக்க ஃபோனை எடுத்தாள். எண்ணைத் தேடிவிட்டு அப்படியே நின்றாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாள்?

அவன் எழுந்து வந்து கையை நீட்டினான்.

"குடுங்க அண்ணி. நானே சொல்றேன்."