இருபதில் ஒன்று

வயோமிங் புல்வெளியில் குளிர்காற்று சுழன்றடிக்கிறது. பிக்கப் வண்டியின் பின்பலகையில் ரைபிளைக் கிடத்தி, இரண்டு இணைப்புப் பின்களைத் தள்ளி, புதுக் குழல் கொண்ட மேல்பாகத்தைக் கழற்றுகிறான் வெண்டல். பழைய மேல்பாகத்திலிருந்த, குறி பார்க்கும் ஸ்கோப்பைக் காலையில்தான் இதற்கு மாற்றியிருந்தான். அருகில், அவன் குண்டை வயிற்றில் வாங்கி இரண்டு மைல் ஓடிய மான் கிடக்கிறது. துரத்திப்போய்க் கத்தியால் அதன் வேதனையை முடித்து வைத்த மைத்துனி மார்லிஸ், கைகளைப் புல்லில் துடைக்கிறாள். "இந்த மேல்பாகம் சரியில்ல," என்கிறான். "பழிய இரும்பு மேல போடாதீங்க அத்தான். ஸ்கோப்ப மாத்துனா குறி மாறும்ல? சுட்டுப் பாத்தீங்களா?" "மூணு தடவ பாத்தேன்." புதுக் குழலுக்கென வாங்கிய ஒரே தோட்டாப் பெட்டியை அவள் திறக்கிறாள். இருபது குழிகளில் ஒன்றுதான் காலி. மூடி, அவன் பக்கம் நகர்த்துகிறாள். பழைய மேல்பாகத்தைப் பொருத்தும் வெண்டலின் விரல்களுக்கு இணைப்புப் பின்கள் பிடிபடவே இல்லை.