வாசலில் என் செருப்பு

ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிவிடுவேன். பகலில் நான் வீட்டில் கிடப்பதை அக்கம்பக்கம் பார்த்தால் மானம் போய்விடும். பூங்காவில் பொழுதைத் தள்ளிவிட்டு, ஆபீஸ் விடும் நேரத்துக்குத் திரும்புவேன். மனைவி எதுவும் கேட்டதில்லை.

இன்று மழை பிடித்துக்கொண்டதால் மதியமே வந்துவிட்டேன். வாசலில் என் செருப்பு கிடந்தது. இடது வார் தைத்த அதே ஜோடி என் காலிலும் இருந்தது. ஜன்னல் வழியே மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ரிட்டயர்டு ஆனப்புறம்தாங்க நீங்க மனுஷனாவே ஆயிருக்கீங்க."

"போதும் போ. வெங்காயக் கூடை மேல்தட்டுலதானே இருக்கு? நான் நறுக்கறேன்" என்றது என் குரல்.

கூடை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கதவைத் தட்டக் கூச்சமாக இருந்தது. சத்தம் கேட்காமல் படியிறங்கினேன். ஆபீஸ் விட இன்னும் நிறைய நேரம் இருந்தது.