வாயாடிக்குப் பசியில்லை

எடை மெஷினின் முள் பதின்மூன்றரையிலேயே முரண்டு பிடித்து நின்றது.

போன மாதம் பதினாலு. டாக்டரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முள்ளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

அம்மாவுக்குக் காது மடல் சுட்டது. தோளில் ஐந்து மாதக் கைக்குழந்தை, அவசரமாகக் கேட்டிருந்த தையல் வேலை வீட்டில் அப்படியே கிடக்க, பேருந்தில் இடிபட்டு வந்தது இந்தப் பார்வையை வாங்கத்தானா?

"முட்டை, பால், பழம், பருப்பு, எல்லாம்தான் குடுக்கறேன் டாக்டர். பாதி சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிடறா."

மெஷின் மேல் நின்றிருந்த நாலு வயதுக்காரி, பேச்சு தன்னைப் பற்றியே இல்லை என்பது போலக் கூரையைப் பார்த்தாள்.

வீட்டில் அவள் பெயர் வாயாடி. ஜன்னலில் வந்து உட்காரும் காக்காயிலிருந்து சிலிண்டர் போட வருபவர் வரை யாரையும் பேசாமல் அனுப்பியதில்லை. ஒரு மாதமாகக் கரண்டியைக் கண்டால் மட்டும் உதட்டைப் பூட்டிக்கொள்கிறாள்.

பூச்சியாக இருக்கும் என்று போனில் மாமியார் சொன்னார். தம்பி வந்த பொறாமை என்று கணவர், முகத்தில் சோப்பு நுரையோடு தீர்ப்பு வழங்கினார். எதிர்வீட்டு அக்கா தன் பையனுக்கு வாங்கிய டானிக் பாட்டிலையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா அதட்டிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். யானைக்கு ஒரு வாய், பூனைக்கு ஒரு வாய் என்று காட்டையே கூட்டிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில், கொட்ட மனசு வராமல், மிச்சத்தை அடுப்பங்கரையில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு தையல் மெஷினுக்கு ஓடுவாள். தட்டு காலியாகும் வரை வாயாடி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். திட்டு விழுமோ என்ற பயம் என்றுதான் அம்மா நினைத்தாள்.

டாக்டரம்மா குனிந்தார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு. ஏன் சாப்பிட மாட்டேங்கற?"

வாயாடி இரண்டு கையையும் குவித்து அவர் காதில் ஏதோ ஊதினாள். நீளமாகவே ஊதினாள். சிரிக்கத் தயாராக இருந்த டாக்டரம்மாவின் முகம் பாதியில் நின்றுவிட்டது.

"குழந்தையை எங்கிட்ட குடுத்துட்டு நீங்க ஏறுங்க."

"நானா? எனக்கு எதுக்கு டாக்டர்?"

"ஏறுங்க, சொல்றேன்."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். முள் ஓடி நின்றது. டாக்டரம்மா ஒரு கையில் குழந்தையோடு, மறு கையால் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

போன மாதத்தைவிட ஒரு கிலோ கூடியிருந்தது.

வாயாடி கை தட்டினாள். எகிறிக் குதித்தாள்.

போன மாதம் தம்பிக்கு ஊசி போட வந்தபோது, டாக்டரம்மா அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்து, எடையையும் குறித்துக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. 'ரத்தமே இல்ல. இப்படிச் சாப்பிடாம கிடந்தா ஒரு நாள் பொத்துனு விழப்போறீங்க' என்று அதட்டியிருந்தார். மேஜைக்கு அடியில் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்த வாயாடியின் காதில் அது விழும் என்று யார் கண்டது?

"நான் மிச்சம் வச்சாத்தானே நீ சாப்பிடற?" என்றாள் வாயாடி, இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி.

அம்மாவுக்கு மெஷினை விட்டு இறங்கத் தோன்றவில்லை.

வாயாடிக்கோ இன்னும் வேலை முடியவில்லை. டாக்டரம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கம்மா விழாம இருக்கணும்னா இன்னும் எத்தனை வாய் மிச்சம் வைக்கணும்?"

அன்று மத்தியானம் அந்த வீட்டில் கழுவுவதற்கு இரண்டு தட்டுகள் இருந்தன.